நேயர் கேள்வி: கெஜரேட்டர் தெர்மோஸ்டாட்டை மாத்தணுமா? காற்றை அளக்காதீங்க, பீரை அளங்க

அடுத்த கேள்வி அமெரிக்காவுல, டெக்சஸ்ல இருக்கிற ஒரு நேயர்கிட்ட இருந்து. கெஜரேட்டர்னா கெக்கை, அதாவது பீர் பீப்பாயை, உள்ளே வச்சுக் குளிர்விச்சு, மேல நிக்கிற டவர்ல இருக்கிற குழாய் வழியா பீர் பிடிக்கிற ஃப்ரிட்ஜ். படிக்கிறேன்: “கராஜ்ல ஒத்தக் குழாய் கெஜரேட்டர், 5 கேலன் கெக். 38 டிகிரி பாரன்ஹீட் வச்சிருக்கேன். உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் ஒரு நேரம் 33 காட்டுது, ஒரு நேரம் 46 காட்டுது. முதல் கிளாஸ் முழுக்க நுரை. இன்னும் குளிரட்டும்னு டயலைக் கூட்டினேன், இப்போ பீர் வர்ற டியூபே உறைஞ்சுபோச்சு. தெர்மோஸ்டாட்டை மாத்தணுமா?”

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏன்னா இதுல மூணு பிரச்சினை ஒண்ணா முடிச்சு விழுந்து கிடக்கு. மூணுக்கும் தெர்மோஸ்டாட் மேலதான் பழி விழுது. மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க.

நம்ம பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். காற்றை அளக்காதீங்க, பீரை அளங்க. தொங்கவிட்ட தெர்மாமீட்டர் சொல்றது காற்றோட சூடு. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற காற்று மொத்தமா எடை போட்டா 200 கிராம்கூட வராது. பீர் 19 லிட்டர், ஏறக்குறைய 19 கிலோ. ஒரு டிகிரி ஏத்தறதுக்கு அந்தக் காற்றுக்குத் தேவைப்படற வெப்பத்தைவிட அந்தப் பீருக்குச் சுமார் 400 மடங்கு வேணும். அதனால கதவைத் திறந்து மூடினா காற்று எட்டு டிகிரி துள்ளும். கெக் அசையவே அசையாது.

இன்னொண்ணு. நிறைய மாடல்ல டயல் தெர்மோஸ்டாட்டோட மெல்லிசான குழாய் நுனி, காற்றைத் தொடறதே இல்லை. உள்ளே குளிர்ற பிளேட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கும். பிளேட் உறைநிலைக்கு ரொம்பக் கீழே போனதும் கம்ப்ரசரை நிறுத்தும். பிளேட்டுல பனி உருகினதுக்கு அப்புறம்தான் மறுபடி ஓடவிடும். நடுவுல காற்று ஏறி இறங்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, அந்த அமைப்பே அப்படித்தான்.

அப்போ பீரை எப்படி அளக்கறது? ஒரு கிளாஸ் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு கெக் பக்கத்துல, தரையோட தரையா வைங்க. இன்னொரு கிளாஸ் மேல, கூரைக்குப் பக்கத்துல. 24 மணி நேரம் டயலைத் தொடக்கூடாது. மறுநாள் ரெண்டையும் படிங்க. கூடவே ஒரு கிளாஸ் பீர் பிடிச்சு ஒதுக்கி வச்சிட்டு, உடனே ரெண்டாவது கிளாஸைப் பிடிச்சு அளங்க. முதல் கிளாஸை ஏன் ஒதுக்கச் சொல்றேன்? 3/16 அங்குல டியூப் 10 அடி இருந்தா அதுக்குள்ள நிக்கிற பீர் மொத்தமே 55 மில்லிதான். அந்தக் கொஞ்சம் பீரும், சூடா இருக்கிற உலோகக் குழாயும்தான் முதல் கிளாஸைக் கெடுக்குது. ரெண்டாவது கிளாஸ்தான் கெக்கோட உண்மையைச் சொல்லும்.

தெர்மாமீட்டரையும் நம்பறதுக்கு முன்னாடி சோதிச்சிடுங்க. கிளாஸ் நிறைய நொறுக்கின ஐஸ், இடுக்கு நிரம்பற அளவுக்குத் தண்ணி, நல்லாக் கலக்கி மூணு நிமிஷம். 32 காட்டணும், அதாவது செல்சியஸ்ல பூஜ்யம்.

கீழ் கிளாஸ் 37, 38ன்னு ஆடாம நிக்குது, மேல் கிளாஸ் 44ன்னு வச்சுக்குங்க. தெர்மோஸ்டாட் நல்லாத்தான் இருக்கு. குளிர்ந்த காற்று கீழேயே தங்கிடுது, டவர் மட்டும் கராஜ் சூட்டுல நிக்குது. கேட்டவர் கேக்காத கேள்வி இதுதான், ஆனா கேட்டிருக்க வேண்டிய கேள்வி: “கெக்ல இருந்து கிளாஸுக்கு வர்ற வழியில பீர் எந்த இடத்துல சூடாகுது?” நான் பதில் சொல்ல ஆசைப்படற கேள்வியும் அதுதான்.

பீருக்குள்ள கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கறது குளிராலயும் அழுத்தத்தாலயும். 38 டிகிரியில 11, 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) போதும், ரெண்டரை வால்யூம், அதாவது பீரோட கொள்ளளவைப் போல ரெண்டரை மடங்கு வாயு அடங்கி இருக்கும். அதே வாயுவை 46 டிகிரியில அடக்கணும்னா 15, 16 பிஎஸ்ஐ வேணும். டவர்ல பீர் சூடாகிற இடத்துல வாயு பிரிஞ்சு குமிழா வந்துடும், அதுதான் நுரை. இங்கதான் பலர் ஒரு தப்புப் பண்றாங்க. நுரை வருதேன்னு, வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரைக் குறைப்பாங்க. அழுத்தம் குறைஞ்சா டியூபுக்குள்ளயே இன்னும் வாயு பிரியும். ரெண்டு நாள்ல நுரை கூடும், ஒரு வாரத்துல பீர் சப்புன்னு ஆயிடும். அழுத்தத்தைத் தொடாதீங்க, டவரைக் குளிர வைங்க.

அதுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் ப்ளோயர் ஃபேன் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல பொருத்தி, டப்பாவுல இருந்து முக்கால் அங்குல டியூப் ஒண்ணை டவருக்குள்ள, பீர்க்குழாயோட பின்முனையைத் தொடற உயரம் வரைக்கும் ஏத்துங்க. டப்பா கீழே, குளிர் தேங்கற இடத்துல இருக்கணும். காற்று டியூப் வழியா மேல போய் டவரோட இடைவெளி வழியா கீழே இறங்கணும், அதனால டவரைப் பஞ்சு வச்சு முழுசா அடைச்சிடாதீங்க. அடாப்டர் வெளியில இருக்கட்டும், அதுவும் சூடு தர்ற பொருள்தான். டவர் அடித்தட்டும் பெட்டியும் சேர்ற இடத்துல ஃபோம் வளையம் இருக்கணும். இல்லைன்னா கராஜோட ஈரக்காற்று உள்ளே போய் பிளேட்டுல பனியாப் படியும். இந்த ஒரே ஃபேன் மேல் கிளாஸுக்கும் கீழ் கிளாஸுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறைச்சிடும்.

உறைஞ்ச டியூப் விஷயம். அது பிளேட்டை ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். பீர் 28 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும், பிளேட் அதைவிட ரொம்பக் கீழே போகும். கரண்டை எடுத்துட்டு கதவைத் திறந்து வைங்க, தானா உருகும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். பிளேட்டுல ஒரு ஓட்டை விழுந்தா உள்ளே குளிர்விக்கிற வாயு போச்சு, பெட்டியும் போச்சு. இப்போ வர்ற பல பெட்டிகள்ல அந்த வாயு ஐசோபியூட்டேன், அது தீப்பிடிக்கக்கூடியது. உருகினதும் டியூபைச் சுருட்டி கெக் தலைமேல டை போட்டுக் கட்டுங்க. டயலைப் பழைய இடத்துக்கே கொண்டுவாங்க.

சரி, கீழ் கிளாஸ் தண்ணியே 45 காட்டினா? அப்போ கம்ப்ரசர் ஓடற சத்தத்தைக் கேளுங்க. ஓயாம ஓடியும் குளிரலைன்னா கதவு ரப்பர்ல ஒரு டாலர் நோட்டை வச்சு மூடி இழுங்க, சுலபமா வந்தா அங்க காற்று புகுது. வெப்பத்தை வெளியே விடற கண்டென்சர்ல இருக்கிற தூசியைத் தட்டுங்க. சில பெட்டிகள்ல கண்டென்சர் பக்கச் சுவருக்குள்ளேயே இருக்கும், சுவரோட ஒட்டி வச்சா மூச்சு முட்டும். கராஜ் 104 டிகிரின்னா 75 டிகிரி அறையைவிட ஏறக்குறைய ஒண்ணே முக்கால் மடங்கு வெப்பம் உள்ளே வருது, இது சின்ன கம்ப்ரசருக்குப் பெரிய சுமை. பிளேட்டுல ஒரு மூலையில மட்டும் பனி பிடிச்சிருந்தா குளிர்விக்கிற வாயு குறைஞ்சிருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஓட முயற்சி பண்ணி, ‘ம்ம்ம்’னு முனகி, ‘டிக்’னு நின்னா, அது பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பி விடற ஸ்டார்ட் ரிலேவா இருக்கலாம். நிக்காம ஓடி கெக்கையே உறைய வச்சாதான் தெர்மோஸ்டாட் மேல சந்தேகப்படலாம். அதோட நுனி கிளிப்பை விட்டுக் கழண்டு தொங்குதான்னு முதல்ல பாருங்க.

மாத்தறதுன்னு முடிவானா நான் சொல்றது வெளிக் கன்ட்ரோலர், அதாவது சென்சார் காட்டற சூட்டைப் பார்த்து பெட்டிக்குக் கரண்டை விட்டு நிறுத்தற கருவி, இங்க்பேர்ட் ஐடிசி-308 மாதிரி. பெட்டியோட டயலை உச்சக் குளிருக்குத் திருப்பிட்டு பிளக்கை இதுல சொருகணும். சென்சாரை கெக்கோட கீழ் மூணுல ஒரு பங்குல டேப் போட்டு ஒட்டி, மேல ஒரு துண்டு ஃபோம் வச்சு மூடுங்க. கீழே ஏன்? பீர் குறையக் குறைய மேல் பாகம் வெறும் வாயு ஆயிடும், அங்க ஒட்டினா பாதி கெக்ல இருந்து பொய் சொல்லும். பீரை அளங்கன்னு சொன்னேனே, சென்சாருக்கும் அதே விதிதான். 38 வைங்க, வித்தியாசம் 2 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிஷம். அந்த 5 நிமிஷம் கட்டாயம் வேணும். நின்ன உடனே மறுபடி ஓட்டினா உள்ளே ரெண்டு பக்க அழுத்தமும் சமமாகி இருக்காது, மோட்டார் சுத்த முடியாம சூடேறும். ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் போர்டு இருக்கிற பெட்டின்னா பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் கழிச்சுச் சொருகிப் பாருங்க. பழைய செட்டிங்ல தானா ஓடலைன்னா அதோட வெளிக் கன்ட்ரோலர் ஒத்துப்போகாது.

டெக்சஸ் நேயருக்கு: இன்னைக்கு ராத்திரி ரெண்டு கிளாஸ் தண்ணி மட்டும் வைங்க, எதையும் வாங்காதீங்க. நாளைக்கு மேல், கீழ், ரெண்டாவது கிளாஸ் பீர், இந்த மூணு எண்ணையும் கமெண்ட்ல எழுதுங்க, அதை வச்சு அடுத்த வாரம் பேசுவோம்.