லாக்டேட்டின் வாசலை அடைக்கும் மருந்துகள்

வணக்கம், நேயர்களே. இன்று லாக்டேட்டையும், புற்றுநோய் அணுக்களில் அதன் வாசலை அடைக்கும் மருந்துகளையும் பற்றிப் பேசுகிறேன். லாக்டேட் என்பது, சர்க்கரை உடையும்போது பிறக்கும் லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட டிரசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடியே செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கு மறுநாள் காலையில் தோள் தூக்க முடியாது. மருந்தகத்துக்கு வரும் இளைஞர்கள், "ஐயா, லாக்டிக் ஆசிட் ஏறிவிட்டது" என்பார்கள். பாவம், அது செய்யாத குற்றம். வேலையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வலி, தசைநாரில் விழுந்த நுண்ணிய காயத்தால் வருவது.

நீங்கிய லாக்டேட் எங்கே போகிறது? இதயம் அதை எரித்துச் சக்தியாக்குகிறது. கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்தே சொல்லிவருவது இதுதான். லாக்டேட் எரிபொருள், அம்மா, எரிபொருள். அதைக் கழிவு என்று சொல்லாதீர்கள்.

அது உயிரணுவுக்குள் போய்வரச் சவ்வில் புரத வாசல்கள் உண்டு. முக்கியமானவை எம்சிடி 1, எம்சிடி 4. புற்றுநோய் அணுக்கள் பலவும் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை லாக்டேட்டாக்கிக் குவிக்கும். ஜெர்மன் ஆய்வாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது இது. குவிந்ததை வெளியே தள்ள முடியாவிட்டால் உள்ளே அமிலம் மிகும். சர்க்கரையை உடைக்கும் வேலையும் நின்றுபோகும். வாசலை அடைத்தால் என்ன என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

என் மனத்தில் நிற்பது சைரோசிங்கோபின். சர்ப்பகந்தா மூலிகையின் வேரில் உள்ள ரெசர்பின் என்ற பொருளிலிருந்து உருவாக்கிய பழைய இரத்த அழுத்த மருந்து. அது இரண்டு வாசல்களையும் அடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதை மெட்ஃபார்மினுடன் சேர்த்தபோது புற்றுநோய் அணுக்கள் மடிந்தன. மெட்ஃபார்மின்! இனிப்பு நீருக்காக நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மாத்திரை. சைரோசிங்கோபின் சர்க்கரையை உடைப்பதை முடக்குகிறது, மெட்ஃபார்மின் ஆக்சிஜனால் சக்தி எடுப்பதை. அணுவுக்குப் பிழைக்க வழியில்லை.

ஆனால் கவனியுங்கள்: இது ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டது. அலமாரியைத் திறந்து மாத்திரையைக் கூட்டி விழுங்கிவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கூட்டி விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மினே லாக்டேட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஏஇசட்டி 3965 பற்றி இரண்டே வரி. எம்சிடி 1ஐ அடைக்கும் இந்த மருந்தைப் பிரிட்டனில் புற்றுநோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரைக்கும் அந்த வாசல் தேவை என்பதால் அளவு கூடியபோது கண் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தது, பிறகு சரியானது. எம்சிடி 4 உள்ள கட்டிகளோ அந்த வழியாகத் தப்பிவிடும். நன்றி, வணக்கம்.