படை குறைகிறதா? படம் சொல்லும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். காளாஞ்சகப்படை என்று நாம் அழைக்கும் சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் தோலின் செல்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் பெருகித் தடித்து, வெள்ளி நிறச் செதில்களாக உதிர்கின்றன. இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் ஒவ்வொரு முறையும் கேட்பது, "போன தடவைக்கு இப்போது குறைந்திருக்கிறதா, டாக்டர்?" என்பதுதான்.

இதற்கு விடை சொல்ல 1978 முதல் தோல் மருத்துவர்கள் 'பாஸி' என்ற மதிப்பெண்ணைக் கையாள்கிறார்கள். தலை, கைகள், நடுவுடல், கால்கள் என உடலை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றுக்குத் தனித்தனியே 0 முதல் 4 வரையும், படை பரவிய பரப்புக்கு 0 முதல் 6 வரையும் மதிப்பெண் இட்டுக் கணக்கிட்டால், உச்ச அளவு 72 ஆகும். இதில் பரப்பைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் பெருஞ்சிக்கல். 10 முதல் 29 சதவீதம் வரை பரவியிருந்தால் பரப்புக்கு மதிப்பெண் 2. ஆகவே, ஒருவருடைய கால்களில் 28 சதவீதமாக இருந்த படை 11 சதவீதமாகச் சுருங்கினாலும் அந்த 2 அப்படியே நிற்கும். பாதிக்கு மேல் ஆறிய கால்களைக் காட்டி மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருப்பவரிடம் பரப்பு மதிப்பெண் மாறவில்லை என்று சொல்வது எனக்கு எப்போதுமே மனக்கசப்பைத் தந்திருக்கிறது.

படப் பகுப்பாய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. மருத்துவர்கள் படையின் ஓரங்களைக் கையால் வரைந்து குறித்த ஏராளமான ஒளிப்படங்களிலிருந்து கற்றுக்கொண்ட கணினி, புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் படை என்றோ நல்ல தோல் என்றோ பிரித்து எண்ணுகிறது. 28-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு அதன் கணக்கில் தவறாமல் பதிவாகும்.

சிவப்பைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதில் நம்பிவிட முடியாது. வெளுத்த தோலில் செக்கச்செவேலென்று தெரியும் அழற்சி, நம்மைப் போன்ற மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோதான் தெரியும். மேலும், படை ஆறிய இடத்தில் கருமை பல மாதங்கள் தங்கிவிடும். வெளுத்த தோலின் படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கணினி, அழற்சியைக் காணத் தவறுவதோடு, ஆறிய கருமையையும் நோயாக எண்ணிவிடக் கூடும். நம் மக்களின் தோல் படங்கள், அவர்களுடைய முழு ஒப்புதலோடு, இந்தப் பயிற்சியில் இடம்பெறாத வரை அந்தச் சிவப்புக் கணக்கை நம்மவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் படமெடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதே சன்னலோரத்தில், அதே நேரத்தில், அதே தூரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நிறத்தை ஒப்பிட உதவும் வகையில் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். படத்தைக் கொண்டுவந்தாலும் படை உள்ள இடத்தை நேரிலும் காட்டத்தான் வேண்டும். ஏனெனில் சாதாரண ஒளிப்படத்தில் தடிப்பு சரியாகப் பிடிபடாது, அதை நாங்கள் விரலால் தடவித்தான் அறிகிறோம்.