பிளக் பொயின்றுக்கு எந்தச் சுவிச் பொருத்தம்?

நேயர்களுக்கு வணக்கம். மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியில் எழுந்த வீடுகள் பலவற்றில், நான்கைந்து மின்குமிழ்களும் ஒரு மின்விசிறியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் போதும் என்ற கணக்கிலேயே வயறிங் செய்யப்பட்டது. இன்று அதே வீடுகளுக்குள் மின் கேத்தலும் ரைஸ் குக்கரும் குளிர்சாதனப் பெட்டியும் கிணற்று மோட்டரும் வந்துவிட்டன. சுவரில் இருக்கும் சுவிச் மட்டும் அன்று பூட்டியபடியே இருக்கிறது. புதிதாக வாங்குவோரும் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்களே தவிர, சுவிச்சின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும் அம்பியர் அளவைப் பார்ப்பவர்கள் குறைவு.

கணக்கு கடினமானதன்று. கருவியில் எழுதியிருக்கும் வாற்று அளவை 230 ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழக் கிடைக்கும். 2000 வாற்றுக் கேத்தல் 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும், 1000 வாற்று மின்னழுத்தி 4 அம்பியருக்குச் சற்று மேலாகவும் இழுக்கும். மின்குமிழுக்கென்று செய்யப்பட்ட 5 அல்லது 6 அம்பியர் சுவிச்சைக் கேத்தலின் பொயின்றுக்குப் போட்டால் அது அன்றைக்கே எரிந்துவிடாது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உள்ளே தொடுமுனைகள் நாளுக்குநாள் சூடேறிக் கருகி, ஒருநாள் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் பழுப்பு வளையம் தெரியும். மீன் நாற்றம் போன்ற ஒரு வாடையும் வரும். அந்த நிலையில் அதை மாற்றாமல் வைத்திருப்பது ஆபத்து.

செவ்வகப் பின்கள் மூன்று உள்ள 13 அம்பியர் வகையே இலங்கையில் இப்போது தேசிய நியமமாக இருக்கிறது. சுவிச்சும் பிளக்கைச் செருகும் குதையும் ஒன்றாக அமைந்த, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரச் சின்னமுள்ள 13 அம்பியர் பொயின்றை வாங்கினால் பெரும்பாலான தேவைகளுக்கு அதுவே போதும். ஆனால் பழைய 5 அம்பியர் வட்டப் பின் பொயின்றைக் கழற்றிவிட்டு, அதே கம்பியில் 13 அம்பியர் முகப்பைப் பூட்டுவது சரியான வேலையன்று. மின்குமிழுக்கு இழுத்த 1 சதுர மில்லிமீற்றர் கம்பி சுவருக்குள் அப்படியே இருக்க, முகப்பு மட்டும் 13 என்று சொல்லும். பொயின்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியும், மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும், அதற்கேற்ற சுற்றுடைப்பானும் வேண்டும். ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். அது 30 மில்லி அம்பியர் அளவில் மின் கசியும்போது துண்டிப்பதற்கானது. மிகைச்சுமையையோ, தளர்ந்த திருகாணி சூடேறுவதையோ அது அறியாது.

கிணற்று மோட்டரின் சுவிச்சைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 5 அல்லது 6 அம்பியர்தான் எடுக்கும். தொடங்கும் கணத்திலோ அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். நிறுத்தும்போதும் அதன் சுருள் மின்னோட்டத்தை இலகுவில் விடாது, தொடுமுனைகள் பிரியும் இடத்தில் பெரிய பொறி பறக்கும். ஆகவே உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 அம்பியர் இருமுனைச் சுவிச்சே இதற்குப் பொருத்தம். கம்பிகள் மாறிப் பூட்டப்பட்ட வீடுகளும் இருக்கின்றன; அங்கே ஒருமுனைச் சுவிச்சை அணைத்த பின்னும் மோட்டருக்குள் மின் நின்றுகொண்டிருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதியும், மாரியில் எறும்பும் பல்லியும் சுவிச்சுக்குள் குடியேறுவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். எனவே கிணற்றடியில் அதை வெளிப்படையாகப் பூட்டாமல், மூடியுள்ள நீர்புகாப் பெட்டிக்குள், ஈரக்கை எட்டாத தூரத்தில் வைப்பது நல்லது.

தோட்டத்தில் சூரியப் படலில் மோட்டர் இயக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைக் கடப்பதால், சுவிச்சில் எழும் பொறி தானாக அணைகிறது. படலிலிருந்து வரும் நேரோட்டத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. பல படல்களைத் தொடராக இணைத்து நூறு வோல்ற்றுக்கு மேல் எடுக்கும் இடத்தில் வீட்டுச் சுவிச்சைப் போட்டால், பொறி அணையாமல் நின்றே எரியும். அங்கே நேரோட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட துண்டிப்பானைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.