தீராத வேலையுள்ள பாத்திரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டில், ஆண்டுக்கணக்காக ஆடினாலும் அலுக்காத ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் நால்வரோடு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இந்த விளையாட்டை ஆடிவருகிறேன். என் வாழ்வில் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சிறு வயதில் நாம் எல்லோரும் சொப்புச் சாமான்களைப் பரப்பிவைத்து, 'நீ கடைக்காரர், நான் சாமான் வாங்க வந்தவர்' என்று ஆடியிருக்கிறோம். திருடன் போலீஸ் ஆடும்போது மட்டும், 'உன்னைச் சுட்டுவிட்டேன்' என்று ஒருவரும், 'என்மேல் படவே இல்லை' என்று இன்னொருவரும் சச்சரவிட்டு ஆட்டம் கலைந்துவிடும். அந்தச் சச்சரவைத் தீர்க்கப் பகடைகளையும் விதிகளையும் சேர்த்து, பெரியவர்களும் ஆடும்படி செய்ததுதான் இந்த விளையாட்டு என்று சொல்லலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974-ஆம் ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு அவர்கள் ஆடிவந்தவை பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டுகள். படையை விட்டு ஒரே ஒரு ஆளைக் கையில் எடுத்து, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே ஆளாகத் திரும்பி வந்து ஆடலாம் என்பதே இதில் மக்களைக் கவர்ந்த புதுமை. அதே ஆளாகத் திரும்பி வருவது என்ற இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கதையை நடத்துபவர் ஒருவர் இருப்பார். 'நீங்கள் ஒரு பாழடைந்த கோயிலின் வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கு எரிகிறது' என்று அவர் சொல்வார். என்ன செய்வது என்பதை மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற ஐயம் எழுந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். எண்கள் நிறைந்த ஆட்டத் தாள் ஒன்றும் உண்டு. அதை வானொலியில் காட்ட இயலாது என்பதால் விட்டுவிடுகிறேன். பாத்திரம் நிலைப்பதும் நிலைக்காததும் அந்தத் தாளில் எழுதப்படாதவற்றையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது என் அனுபவம்.

நான் முதன்முதலாகப் பெரும் முயற்சியோடு உருவாக்கிய பாத்திரம் ஒரு வாள்வீரன். அவனுடைய குலம் முழுவதையும் ஓர் அரக்கர் தலைவன் அழித்துவிட்டான். பழி தீர்க்கும்வரை யாரோடும் பேசுவதில்லை என்று இவன் நோன்பு பூண்டிருக்கிறான். இதையெல்லாம் ஆறு பக்கங்களில் எழுதினேன். எழுதும்போது என் கண்கள் கலங்கின. ஆனால் ஐந்தாவது வாரம் மேசையில் அமர்ந்தபோது, எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த விளையாட்டில் பேச்சுதான் கருவி. அதையே நான் பூட்டி வைத்துவிட்டேன். அவன் வாழ்வில் நடக்க வேண்டிய பெரிய நிகழ்ச்சிகள் அனைத்தும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, என் தாள்களிலேயே நடந்து முடிந்துவிட்டன. எஞ்சியிருந்தது ஒரே ஒரு பழி. அந்த அரக்கனைக் கொன்றுவிட்டால் இவன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கொல்லாதவரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு மாதங்களுக்குள் அவனைக் கைவிட்டேன்.

மாற்றாக ஒரு பாத்திரம் உடனே தேவைப்பட்டது. பத்து நிமிடங்களில், தேநீர் ஆறுவதற்குள், ஒன்றை உருவாக்கினேன். அவள் பெயர் இல்ரா. அவள் ஒரு கிளெரிக், அதாவது தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்யும் பணியாளர். அவளுடைய தெய்வம் மரணத்தின் தெய்வம். அவளைப் பற்றி நான் எழுதியது ஒரே வரிதான்: தன் கண்முன் இறக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் ஏட்டில் எழுதி, முடிந்தால் அவருடைய உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டியது இவள் கடமை. பிறந்த ஊரையோ பெற்றோரையோ பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை; நேரம் இல்லை.

முதல் நாள் ஆட்டத்திலேயே வழிப்பறி செய்ய வந்த கோப்லின்களோடு சண்டை நேர்ந்தது. கோப்லின் என்பவர்கள் குள்ளமான, தந்திரம் மிகுந்த கற்பனை இனத்தவர். இவ்வகை ஆட்டங்களில் தொடக்க நிலை வீரர்கள் வெட்டித்தள்ளுவதற்கென்றே வந்து நிற்பவர்கள். சண்டை முடிந்ததும் நண்பர்கள் அவர்களுடைய பைகளைத் துழாவத் தொடங்கினார்கள். இல்ரா மட்டும் பிடிபட்ட கோப்லின் ஒருவனின் அருகில் அமர்ந்து, 'இறந்துகிடக்கிற இவர் பெயர் என்ன?' என்று கேட்டாள். கதையை நடத்திய நண்பர் ஒரு கணம் திகைத்துப்போனார். அவர் அந்தக் கோப்லின்களுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. சற்று யோசித்து, 'இவன் பெயர் ஸ்னிக். இவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்றார்.

அந்த ஒரு வரியிலிருந்து எங்கள் கதை ஏழு ஆண்டுகள் ஓடியது. தம்பியைத் தேடிப் போனோம். அவன் எங்களைக் கொல்ல முயன்றான். பிறகு, அண்ணன் பெயரை எழுதி வைத்திருந்த ஏட்டைப் பார்த்து அழுதான். அதற்கும் பிறகு எங்களுக்கு வழிகாட்டியாக வந்தான். நான் உண்மையிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சண்டை முடியும்போதெல்லாம் பெயர்களை எழுதத் தொடங்கினேன். கதையை நடத்துபவர் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பெயரை முன்கூட்டியே யோசித்து வரத் தொடங்கினார். பெயர் வைத்த எதிரியை வெட்டித்தள்ளுவது எளிதாக இல்லை என்பதால் எங்கள் சண்டைகளே குறைந்தன.

ஆட ஆடப் பாத்திரம் நிலை நிலையாக உயரும். கிளெரிக் ஐந்தாம் நிலையை எட்டும்போது, இறந்தவரோடு பேசும் மந்திரம் ஒன்று கிடைக்கும். விதிப்படி ஐந்து கேள்விகளுக்குமேல் கேட்க இயலாது. மற்றவர்கள் அதை உளவறியப் பயன்படுத்துவார்கள்: புதையல் எங்கே, உன்னை அனுப்பியவர் யார் என்றெல்லாம் கேட்பார்கள். இல்ரா எப்போதும் முதல் கேள்வியாக, 'உங்கள் பெயர் என்ன?' என்றே கேட்டாள். எஞ்சிய நான்கு கேள்விகளை மற்றவர்கள் கவனமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை ஒரு நகரமே அழிவின் விளிம்பில் நின்றபோதும் அவள் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. எங்கள் திருடன் பாத்திரத்தை ஆடிய நண்பர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அன்றிரவு அவர்கள் இருவருக்கும் இடையே நடந்த வாக்குவாதம், நான் ஆடிய ஆட்டங்களிலேயே மிகச் சிறந்த ஒரு மணி நேரம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆறு பக்கம் எழுதிய வீரன் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை; ஒரு வரியில் பிறந்தவள் ஏழு ஆண்டுகள் நிலைத்தாள். ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். வீரனுக்கு இருந்தது ஒருமுறை நிறைவேறினால் தீர்ந்துபோகும் ஆசை. இல்ராவுக்கு இருந்தது தீராத வேலை. ஒவ்வொரு வாரமும், கதை எங்கே சென்றாலும், அவளுக்குச் செய்ய ஏதேனும் ஒன்று இருந்தது. ஆகவே சொல்கிறேன்: உங்கள் பாத்திரத்துக்குத் தீராத வேலை ஒன்றைக் கொடுங்கள்.

வேறொரு விளையாட்டு இதை மிக அழகாகச் செய்கிறது. 1977-இல் மார்க் மில்லர் வெளியிட்ட 'டிராவலர்' விண்வெளிப் பயணத்தைப் பற்றியது. அதில் பாத்திரத்தின் முன்வாழ்வை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடை உருட்டியே அறிகிறோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பாத்திரம் இறந்துபோவதும் உண்டு. ஆனால் நான் வியப்பது அதையல்ல. அந்த விளையாட்டில் விண்கலம் வாங்கினால், வங்கிக் கடனை நாற்பது ஆண்டுகள், 480 மாதத் தவணைகளாகக் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கியிருக்கும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மாதம் பிறந்தால் தவணை வரும். தவணை வந்தால் சரக்கு ஏற்ற வேண்டும். சரக்கு ஏற்றினால் எங்கோ ஒரு கோளில் சிக்கல் முளைக்கும். பெரிய இலட்சியம் எதுவும் இல்லாமலே அந்தக் கலத்தின் தலைவர் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பார்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வலிமை, அறிவு, கவர்ச்சி முதலிய ஆறு திறன்களுக்கு எண்கள் உண்டு. இன்றைய விதிகளில் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் இருக்கிறது. புதிதாக ஆடுபவர்கள் 15-ஐ எங்கே வைப்பது என்றே கவலைப்படுகிறார்கள். நான் 8-ஐ எங்கே வைப்பது என்று கேட்பேன். மேசையில் இருப்பவர்களின் நினைவில் தங்குவது அந்த எட்டுதான். இல்ராவுக்கு அது உடல் லாகவத்தில் இருந்தது. பாலம் கடக்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டே பல உரையாடல்கள் நிகழ்ந்தன.

இது என்னை அடுத்த செய்திக்குக் கொண்டுவருகிறது. யாரையும் நம்பாத, யாரோடும் ஒட்டாத தனியனை உருவாக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு இருக்கிறது. கதை எழுதுபவருக்கு அது நல்ல பாத்திரமாக இருக்கலாம். ஐந்து பேர் கூடி ஆடும் மேசையிலோ, 'நான் ஏன் உங்களோடு வர வேண்டும்?' என்று வாரந்தோறும் கேட்கும் ஒருவரை மற்ற நால்வரும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, மேசையில் இருக்கும் இருவரோடு உங்கள் பாத்திரத்துக்கு உறவு ஒன்றை ஏற்படுத்திவிடுங்கள். ஒருவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கலாம். இன்னொருவர் உங்கள் அக்காவை மணந்தவராக இருக்கலாம். குறை ஒன்று வேண்டும் என்றால், அதன் விலையை உங்கள் பாத்திரமே கொடுக்கும்படியான குறையாகத் தேர்ந்தெடுங்கள். நண்பர்களிடமே திருடும் திருடனுடைய குறையின் விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள்; மறுக்கத் தெரியாமல் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிடும் திருடனோ அதைத் தானே கொடுக்கிறான்.

குரலைப் பற்றியும் பெயரைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் கரகரத்த குரலில் பேச உங்கள் தொண்டை இடம் கொடுக்குமா என்பதை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். சண்டையின் நடுவே நண்பர்கள் ஒரே மூச்சில் அழைக்க முடியாத பெயர், இரண்டாவது வாரமே 'ஏய்' என்று சுருங்கிவிடும்.

எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தில் இன்னும் ஒரு நிமிடமே இருக்கிறது. பாத்திரம் முதுமை அடைவதைப் பற்றித்தான் கடைசியாகப் பேச விரும்பினேன். கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் வெளியிட்ட 'பென்டிராகன்', ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றிய விளையாட்டு. அதில் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் திருமணம், பிள்ளைப்பேறு, நிலத்தின் விளைச்சல் ஆகியவற்றுக்குப் பகடை உருட்டுவார்கள். வீரர் மூப்படைந்தாலோ இறந்தாலோ, அவருடைய மகனோ மகளோ ஆகி ஆட்டத்தைத் தொடர்வார்கள். நான் ஆடும் விளையாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. ஆயினும் இல்ராவுக்கு வயது ஏறியபோது நாங்கள் அதையே செய்தோம். ஸ்னிக்கின் தம்பி மகளை அவள் தன் மாணவியாக ஏற்றாள். அந்தச் சிறுமியை இப்போது ஆடுபவர், அன்று நாற்காலியை விட்டு எழுந்த அதே நண்பர். இரண்டாவது நோட்டுப் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் இறந்தவரோடு பேசும் அந்த மந்திரம் கிடைத்தது. முதல் கேள்வியாக அவரும் பெயரைத்தான் கேட்டார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.