முதலில் அறுபடுவது கொடுக்கல் வாங்கல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஈரோட்டுப் பெருமக்களே, வணக்கம். மதவாதத்தால் பன்முகச் சமூகம் அடையும் பெருஞ்சேதம் உயிர்ச்சேதமா, நம்பிக்கைச் சேதமா என்பது இன்றைய வழக்கு. நம்பிக்கைச் சேதமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், எரிந்த கடையைக் கட்டிவிடலாம், முறிந்த உறவைக்கூட ஒட்டிவிடலாம், செத்தவரை எழுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வரிசையாக வெடித்து 58 பேர் மாண்டார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். அந்த எண்ணைச் சிறிதாக்கிப் பேசும் வாதம் எதுவும் என் வாயிலிருந்து வராது. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் அவர் தனியே வெட்டியெடுத்துக் காட்டினாரே, அங்கேதான் அவரை மறுக்கிறேன்.

அதற்குப் பதினோரு வாரங்களுக்கு முன்பு, 1997 நவம்பர் 29 அன்று, அதே கோவையின் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் முஸ்லிம் இளைஞர்கள் சிலர், அவர்களைப் பிடித்துத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. ஆனால் அடுத்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. குற்றவாளி யார் என்று கேட்க வேண்டிய இடத்தில், அவன் எந்த மதம் என்று ஊர் கேட்டது. பிப்ரவரியில் குண்டு வைத்த அல் உம்மா என்ற தீவிரவாத அமைப்பினரும் அதே கணக்கைத்தான் எதிர்த்திசையில் போட்டார்கள். ஒருவன் செய்ததற்கு அவனுடைய மதத்தார் எல்லோரும் பொறுப்பு என்ற அந்தக் கணக்கே, நடுவர் அவர்களே, மதவாதம். அண்டை வீட்டாரை அண்டை வீட்டாராகப் பார்க்கும் கண் மூடிய பிறகே கத்தியும் குண்டும் கைக்கு வந்தன.

நம் கொங்கு நாட்டில் இந்தச் சேதத்தின் கனம் கூடுதல். ஏனெனில் இங்கே தொழிலே வாய்ச்சொல்லில் நடக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் நூலாக வந்து, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், அயர்ன் என்று எத்தனையோ கை மாறிப் பெட்டிக்குள் போகிறது. பெரும்பாலும் ஜாப் ஒர்க், பெரும்பாலும் கடன். அந்தத் தொழிலை 1925இல் அவ்வூரில் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படுபவர் குலாம் காதர் என்ற முஸ்லிம். அவர் போட்ட அடியில் எழுந்தவை பல சமூகத்தாரின் கம்பெனிகள். இதே ஈரோட்டில் நாம் துணி எடுக்கும் ஜவுளிச் சந்தை அப்துல் கனியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கனி மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லும்போது நாம் யாருடைய மதத்தையும் நினைப்பதில்லை. ‘மஞ்சக்காசு வந்ததும் தந்தர்றனுங் பாய்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைத்துச் சரக்கைக் கட்டிக் கொடுப்பதற்குப் பத்திரம் ஏது, சாட்சி ஏது? மதவாதம் வந்தால் அந்தத் தலையசைப்புத்தான் முதலில் நிற்கும்.

எதிரணியினர் சட்டத்தை நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். வெறுப்புப் பேச்சைத் தண்டிக்க முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு இருந்தது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 196ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பெயரைக் கேட்டவுடன் ‘வீடு காலியில்லைங்க’ என்று சொல்பவரை எந்தப் பிரிவில் பிடிப்பது? குண்டுவெடிப்பு வழக்கில் தனி நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோவையில் முஸ்லிம்கள் திரளாக வாழும் கோட்டைமேட்டின் வாயிலில் சோதனைச் சாவடியைக் கடந்து கடந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் செய்யாத குற்றத்திலிருந்து எந்த நீதிமன்றமும் விடுதலை வழங்கவில்லை.

இனி எதிரணியினர் ஒருவரும் தொடாத ஒரு நாளுக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள். கோவை கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு முன்னால் ஒரு கார் வெடித்தது. ஓட்டி வந்தவர் இறந்தார். இடம் பழைய இடம், பண்டிகை நேரம், மூட்டிவிட ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஊர் எரியவில்லை. காவல்துறை விழிப்பாக இருந்தது, மறுக்கவில்லை; 1997இல் காவல்துறை இல்லாமலா இருந்தது? சில நாள்களில் ஜமாத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே சென்று, அங்கிருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். கோயிலார் அவர்களை வரவேற்றார்கள். வெடித்தவரின் மதத்தை வைத்து அண்டை வீட்டாரை எடைபோட இரு தரப்பும் மறுத்தன; அதனால்தான் அந்த வாரத்தில் பிணங்கள் அடுக்கப்படவில்லை. நம்பிக்கை செத்த ஆண்டில் ஒரு கொலை பல கொலைகளானது. நம்பிக்கை கொஞ்சம் மீண்டிருந்த ஆண்டில் ஒரு வெடிப்பு ஒரு வெடிப்போடு நின்றது.

உயிர்ச்சேதமே பெரிது என்று சொல்ல அடுத்து எழும் நண்பர், அந்த இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டுக்கு வேறு காரணம் இருந்தால் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன்.