டீச்சரம்மா என் அமுச்சி

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கமுங்க.

இன்றைக்கு என் அமுச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் அம்மாவைப் பெற்றவர். ஊருக்கு அவர் டீச்சரம்மா. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் 1955இல் வேலைக்குச் சேர்ந்தார், 1994இல் ஓய்வு பெற்றார்.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவர் கணவர், என் அப்புச்சி, காலமாகிவிட்டார். இடுப்பில் கைக்குழந்தையாக என் அம்மா. வெள்ளைச் சீலை கட்டிவிட்டால் வீட்டு மூலைதான் என்றிருந்த காலம் அது. அமுச்சி எட்டாவது தேறியிருந்தார். அவருடைய அப்பா பருத்தி விற்ற காசை எடுத்து, கோவையில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். பங்காளிகளிடம் அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

வேலைக்கு வந்த பிறகும் கல்யாணச் சடங்கான சீர் நடக்கிற இடத்தில் அமுச்சி முன்னால் வரக்கூடாது. ஆனால் விஜயதசமி வந்தால் அதே ஊர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் வரிசையாக நிற்கும். தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' போடவைப்பார். விரல் நோகக்கூடாதென்று முதலில் தன் விரலால் ஒரு தடம் கீறிவிடுவார். பிள்ளையின் விரல் அந்தத் தடத்திலேயே போகும். எழுத்துக்கு ஆகிவந்த அந்தக் கை மணமேடைக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்ற கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருக்குப் பெரிய வேலையே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். எங்கள் பக்கம் மானாவாரிச் சீமை. கொறங்காடு என்று சொல்வோம். கொழுக்கட்டைப் புல் முளைத்து, அங்கங்கே வெள்வேல மரம் நிற்க, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். மாடும் செம்மறியும் அதில்தான் மேயும். பத்து வயசுப் பையன் அங்கே கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பான்.

"ஏனுங் டீச்சரம்மா, இவன் பள்ளிக்கூடம் வந்துட்டா ஆட்டை ஆருங்க பாக்கறது?" என்பார்கள்.

"உங்க கிளுவை வேலி பாத்துக்குமுங்க. அதுல ஓணான் பூந்து வராதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? காத்தால படலைச் சாத்திப்போட்டு அனுப்பி உடுங்க. சாயங்காலம் வந்து அவனே தொறக்கட்டும்."

தன் வேலி மோசமென்று எந்த நிலக்காரப் பண்ணாடி ஒத்துக்கொள்வார்? பையன் மறுநாள் பள்ளிக்கூடத்தில் இருப்பான். ஊரார் மனசை அவர் படித்துவைத்திருந்ததற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்த வழி செல்லவில்லை. தம்பியைத் தூக்க, பருத்தி எடுக்க, அப்புறம் மில் வேலைக்கு என்று மூன்றாவது நான்காவதோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. அன்று ஊராரும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அமுச்சி அறுவடைக் களத்தில் போய் நின்று கம்பும் சோளமும் கேட்டு வாங்கினார். கொடுத்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியார் குடியிருந்த வளவுப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைக்கச் சொன்னார்கள். அவர் எல்லோரையும் ஒரே வரிசையில், உயரப்படி உட்காரவைத்தார். ஒரு வீட்டார் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். அமுச்சி சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். சண்டை போடவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடத்தை அங்கேயே சொல்லிக்கொடுத்தார். மறுநாளும் போனார். பிள்ளை வருகிறவரை போனார்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் காசு மாறிற்று. பதினாறு அணா ரூபாய் போய் நூறு நயா பைசா ரூபாய் வந்தது. நாலணாவுக்கு இருபத்தைந்து என்பது சுலபம். மூன்று அணா பதினெட்டே முக்கால் அல்லவா, அதைப் பத்தொன்பது என்றார்கள். இரண்டு அணா பன்னிரண்டரை, அது பன்னிரண்டாயிற்று. சந்தையில் முட்டை விற்கிற கிழவிகள் தவித்துப்போனார்கள். அமுச்சி இரவில் அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து கணக்கு முழுவதையும் முதலில் தான் பழகிக்கொண்டார். பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிலேட்டோடு சந்தைக்குக் கூட்டிப்போய்க் கிழவிகளுக்குப் பக்கத்தில் ஆளுக்கொருவராக உட்காரவைத்தார். அவருடைய பாடங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1978இல் எழுத்தே மாறிற்று. நம் ஈரோட்டுப் பெரியார் 1935 முதலே தம் பத்திரிகையில் அச்சிட்டுவந்த சீர்திருத்த எழுத்தை, அவருடைய நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. முன்னால் யானைத் துதிக்கை போல வளைத்துப் போட்ட 'லை', 'னை', சுழித்து எழுதுகிற 'ணா', 'றா' எல்லாம் போயின; மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். அமுச்சிக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். ஒரு நோட்டு நிறையப் புது எழுத்தை எழுதி எழுதிக் கையைப் பழக்கினார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பக்கங்களில் பாதியில் துதிக்கை தலைதூக்கும், அடித்துவிட்டுத் திருத்தியிருப்பார். கடைசிப் பக்கங்களில் ஓர் அடித்தல்கூட இல்லை.

ஓய்வுக்குச் சற்று முன்னால், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தது. பகலில் பள்ளிக்கூடம், இரவில் கோயில் சாவடியில் பெண்களுக்கு வகுப்பு. முன்பு நின்றுபோன அந்தப் பெண் பிள்ளைகள்தான், பேரன் பேத்தி எடுத்தவர்களாக வந்து உட்கார்ந்தார்கள். "வா கண்ணு, நீ நாலாவதுல விட்ட எடத்துலயே புடிக்கலாம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவர்களில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் முதலில் எடுத்துப் படித்தது தன் ரேஷன் கார்டை. அதில் அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷமும் வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மகனை எதிர்பார்க்காமல் தானே பஸ் ஏறிப் போய், மனு எழுதிக் கொடுத்து, திருத்தி வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கார்டை அமுச்சி கையில் கொடுத்தார். அமுச்சி எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, "மனுவைக் காட்டு, அதுல ஒண்ணும் தப்பில்லியே?" என்று கேட்டார்.

நன்றி, வணக்கமுங்க.