பேப்பர் இருநூறு சேர்ந்தாச்சு, எங்கிருந்து படிக்கிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி தேவிகுளத்திலிருந்து. சமூகவியல்ல பிஎச்.டி. ரெண்டாவது வருஷம், தலைப்பு மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள். "லிட்ரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளை அலசுற பகுதி) பழசா இருக்கு, இப்போ வர்ற ஆய்வுகளைப் படின்னு கைடு சொல்றார். டவுன்லோட் பண்ணினதே இருநூறு பேப்பர் இருக்கு, எங்கே தொடங்குறது?"ன்னு கேட்டிருக்காங்க.

அந்த இருநூறையும் இப்போதைக்குத் தொடாதீங்கம்மா. கைடு எண்ணிக்கையைக் கேக்கல. உங்க விஷயத்துல இன்னைக்கு என்ன வாதம் ஓடுது, அதுல நீங்க எங்க நிக்கிறீங்க, அதைத்தான் கேக்கிறார்.

அதுக்கு ஒரே ஒரு கட்டுரையைப் பிடிங்க. மூணாறு தோட்டப் பெண்களோட அமைப்பான பெம்பிளை ஒருமை 2015 செப்டம்பர்ல நடத்தின போராட்டத்தைப் பத்தி மத்தவங்க அதிகமா மேற்கோள் காட்டுற ஒண்ணு போதும். ஆய்வுக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலர் தளத்துல அந்தத் தலைப்புக்குக் கீழே 'சைட்டட் பை'ன்னு ஒரு எண் இருக்கும். அதை அழுத்தினா, அந்தக் கட்டுரையை எடுத்துப் பேசின பிந்தைய ஆய்வுகள் வரிசையா வரும். அதுங்களுக்குள்ள மட்டும் தேடுறதுக்கு மேலேயே ஒரு டிக் கட்டம் இருக்கு. அதை டிக் பண்ணிட்டு கூலி, யூனியன், சாதின்னு ஒவ்வொரு சொல்லா ஆங்கிலத்துல போட்டுப் பாருங்க. ஒரு கட்டுரையோட கடைசியில இருக்கிற நூல் பட்டியல் உங்களைப் பின்னாடிதான் கூட்டிட்டுப் போகும். இந்த 'சைட்டட் பை' வழியிலதான் முன்னாடி, புது ஆய்வுகளுக்கு வர முடியும்.

இங்க பலபேர் கோட்டை விடுறது பெயர்ல. இந்த அமைப்போட பெயரை ஆங்கிலத்துல பெம்பிளை, பெண்பிள்ளை, பொம்பிளைன்னு பல விதமா எழுதியிருக்காங்க. ஒண்ணை மட்டும் தேடினா மத்தது கண்ணுலயே படாது. ஒவ்வொண்ணையும் மேற்கோள் குறிக்குள்ள வச்சு, நடுவுல 'ஆர்'ங்கிற சொல்லை கேபிடல் எழுத்துல போடுங்க. இடமும் அப்படித்தான், ஒருத்தர் மூணாறும்பார், இன்னொருத்தர் கண்ணன் தேவன் மலைம்பார், இடுக்கின்னு மட்டும் எழுதினவங்களும் உண்டு. உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்ல, மலையாள எழுத்துலயும் ஒரு தடவை தேடிடுங்க. வெளியூர்லருந்து வர்ற ஆய்வாளர் பலருக்கு அது முடியாது.

இப்படி வர்றதுல பத்துப் பன்னிரண்டை எடுங்க. எல்லாத்தையும் வரிக்கு வரி படிக்க வேண்டாம். சுருக்கம், முன்னுரையோட கடைசி ரெண்டு பத்தி, ஆய்வுமுறை, முடிவுரை, இவ்வளவுக்கு இருபது நிமிஷம் ஆகும். உங்க கேள்வியை நேரா தொடுற மூணு நாலை மட்டும் முழுசாப் படிங்க. படிச்சதும் மூடி வச்சிட்டு, கட்டுரையைப் பார்க்காம நாலு வாக்கியம் எழுதுங்க: என்ன கேக்கிறார், எதை வச்சு சொல்றார், யாரை மறுக்கிறார், எதை விட்டுட்டார். மூணாவது வாக்கியம் எழுத வரலைன்னா, அந்தக் கட்டுரை உங்களுக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம், திரும்பப் படிங்க. அந்த மூணாவது வாக்கியங்களை மட்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குங்க, யார் யாரோட வாதம் பண்றாங்கன்னு தெரிஞ்சிரும். உங்க அத்தியாயத்தை அதை வச்சு எழுதுங்க, ஆசிரியர் பெயர் வரிசையில வேண்டாம்.

இன்னொண்ணு, அச்சான வருஷத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. 2022ல வந்த கட்டுரைக்குக் களப்பணி 2016லயே முடிஞ்சிருக்கலாம். நடுவுல, 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி நிலச்சரிவுல 70 பேர் போயிட்டாங்க. லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடு), சொந்த நிலம் பத்தின பேச்சு அதுக்கப்புறம் ரொம்பக் கூர்மையாயிருச்சு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் 2020ல நிறைவேறின புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. பழைய களத்தை இன்னைய நிலைமைன்னு எழுதினா வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) மாட்டிக்குவீங்க. அதனால ஒவ்வொரு குறிப்புலயும் களப்பணி வருஷத்தைத் தனியா எழுதி வைங்க.

மூணாறு பத்தின எழுத்தோட மட்டும் நிக்காதீங்க. அசாம், டார்ஜிலிங், இலங்கை மலையகம், இந்த மூணு இடத்துத் தேயிலைத் தோட்ட ஆய்வுகளையும் தொட்டுப் பாருங்க. மலையகத்தைப் பத்தித் தமிழ்லயே நிறைய இருக்கு, உங்களுக்கு அது பெரிய பலம்.

காசு கட்டி எதையும் வாங்க வேண்டாம். 2025லிருந்து 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்'ங்கிற மத்திய அரசுத் திட்டம் வழியா அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களோட ஏறக்குறைய 13,000 இதழ்கள் கிடைக்குது. மலை மேல இருந்துக்கிட்டு எப்படின்னா, நீங்க பதிவு பண்ணின பல்கலைக்கழக நூலகத்துல ரிமோட் லாகின் (வெளியில இருந்தே உள்ளே நுழையுற வசதி) இருக்கான்னு கேளுங்க. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இணையதளம் இருக்கு. திருவனந்தபுரம் சி.டி.எஸ். (சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) ஒர்க்கிங் பேப்பர்களை அவங்க தளத்துலயே இலவசமா எடுக்கலாம். அப்படியும் கிடைக்கலைன்னா ஆசிரியருக்கே மெயில் போடுங்க. 'கட்டுரை அனுப்புங்க'ன்னு மட்டும் எழுதாம, அதுல உங்களுக்கு இருக்கிற ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்க. பதில் வந்தா, அந்த வாதத்துக்குள்ள இருக்கிற ஒருத்தரோட நீங்க பேச ஆரம்பிச்சாச்சு.